எதற்கும் ஓம்

எழுத்துக்கு இன்னும் எழுபத்தேழு மணித்தியாலம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை. வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில் காலிக்குப் போகும் வண்டிக்காக நின்றபடி பத்மாவதி அதை மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். புதன்கிழமை பத்தரைக்குக் கலியாணப் பதிவுகாரர் வீட்டுக்கு வருவார். அவளும் சிவபாதசுந்தரமும் புத்தகத்தில் கையெழுத்து வைப்பார்கள். தாலி கட்டுவது வைகாசியில்தான். ஆனாலும் எழுத்து முடிந்தால் முடிந்ததுதான். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் விலக முடியாது.

சொல்வதென்றால் அதற்குள் சொல்ல வேண்டும்.

"என்னடி, வாய்க்குள்ள கணக்குப் போடுற?" என்றாள் பிறிஜெற். கொட்டாஞ்சேனையிலிருந்து இருட்டோடு புறப்பட்டு வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய கூடை. அதற்குள் பாணும் சீனிச் சம்பலும் அவித்த முட்டையும். "இதைப் பிடி. கணக்குப் பாரம் குறையும்."

பிறிஜெற்றும் பத்மாவதியும் சர்வகலாசாலையில் நாலு வருஷம் ஒரே மேசையில் தவளை அறுத்தவர்கள். பத்மாவதியின் வலது பக்கத்தில் நின்று பேச வேண்டும் என்று வீட்டார் தவிர உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

கடைசிப் பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது பத்மாவதிக்குக் கூகைக்கட்டு வந்தது. கன்னத்து வீக்கம் ஒன்பதாம் நாள் வற்றியது. இடது காதும் அதோடு போய்விட்டது. பிறிஜெற் கையில் மணிக்கூட்டை வைத்துக்கொள்ள, பத்மாவதி பௌதிக அறையில் இசைக்கவையைத் தட்டிக் காதோரம் பிடித்துப் பார்த்தாள். வலது காதுக்கு முப்பத்தொரு வினாடி. வலதைப் பஞ்சால் அடைத்துவிட்டு இடதுக்குப் பிடித்தால் பூச்சியம். மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் பூச்சியம்.

நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்று வைத்தியர் சொன்னார்.

"இதை வெளியில கதைக்கிறேல்லை," என்று அண்ணன் நாகேந்திரம் சொன்னான்.

காரணம் இருந்தது. போன வருஷம் ஒரு சம்பந்தம் கைகூடி வந்தது. பெட்டைக்குக் காது மந்தமாம் என்று யாரோ போட்டுக் கொடுக்க, மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே போனார்கள். தாய் தகப்பன் இல்லாத தங்கை. நாகேந்திரம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இந்தச் சம்பந்தம் பேசத் தொடங்கியதும் அவன் அவளிடம் சத்தியம் கேட்டான். அவள் பேசாமல் இருந்தாள். அவன் அதையே சத்தியமாக எடுத்துக்கொண்டான்.

வண்டி வந்தது.

"பத்மா, கெதியா ஏறு! ஜன்னலடி எனக்கு," என்று கௌரி முண்டியடித்தாள். கௌரி பத்மாவதி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. சிவபாதசுந்தரத்தின் ஒரே தங்கையும் அவள்தான். சம்பந்தம் அவள் வாயால் வந்தது. இன்றைய பயணமும் அவள் வாயால்தான் வந்தது. அண்ணை காலியில் நில அளவையாளர், ருமஸ்ஸல மலையில் ஏற வழி காட்டுவார், பிறகு கடலில் கால் நனைத்துவிட்டுப் பின்னேர வண்டியில் வரலாம் என்று எல்லாம் அவளே முடிவு செய்தாள். தானும் வருவதென்றால் சரி என்று நாகேந்திரம் சொன்னான்.

"ஜன்னலடி அவளுக்கு," என்றான் நாகேந்திரம் இப்போது.

"ஓட்டத்துக்கு முதுகு காட்டி இருந்தால் தலை சுத்தாதே?"

"அவளுக்குச் சுத்தாது."

கடல் பக்க ஜன்னலோரம், வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டி பத்மாவதி உட்கார்ந்தாள். இடது காதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வலதை ஆட்களுக்கு வைத்துக்கொண்டாள். எங்கே போனாலும் அவளுக்கு இப்படி ஓர் இடம் தேட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் சுவரோரக் கதிரை. கோயிலில் இடப்பக்கத் தூண். வீதியில் இடது பக்கம் அண்ணன் நடப்பான்.

இவையெல்லாம் கைவிட்ட வேளைக்கு அவளிடம் ஒரு சொல் இருந்தது. ஓம். ஒருவர் என்ன சொன்னார் என்று தெரியாவிட்டால் "ஓம்" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். மனிதர் பேசுகிற பத்து வாக்கியத்தில் ஏழுக்கு அது பொருந்தும் என்று அவள் கண்டிருந்தாள். மீதி மூன்றில் இரண்டுக்கு யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பாணந்துறை தாண்டியதும் கௌரி தூங்கினாள். நாகேந்திரமும் வாயைத் திறந்தபடி தூங்கினான். பிறிஜெற் வலது காதுக்குள் குனிந்தாள்.

"இன்னைக்குச் சொல்லிடு."

"சொன்னால் போயிடுவார்."

"போனா போகட்டும். கொட்டாஞ்சேனையில எங்க தெருவில மட்டும் ஆறு மாப்பிள்ளைங்க இருக்காங்க. அதில ரெண்டு பேருக்கு ரெண்டு காதும் கேக்காது."

பத்மாவதிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது. "எனக்கு இவர் போறது விருப்பமில்லை, பிறிஜெற்."

அதுதான் சிக்கல். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் அவள் பாட்டைப் பற்றியும் பலகாரத்தைப் பற்றியும் கேட்டபோது, அவர் மட்டும் மேசையிலிருந்த உலர்ந்த செடிகளின் தொகுப்பைப் புரட்டினார். "இதுக்கு இடம் எழுதியிருக்கிறீர், இடத்தின்ர உயரம் எழுதேல்லையே," என்றார். ஒரு வாக்கியம். சரியான குறை. அன்றிரவே அவள் எல்லாத் தாளிலும் உயரம் எழுதினாள்.

அவரை இழக்கவும் மனமில்லை. ஏமாற்றிப் பிடிக்கவும் மனமில்லை.

*

காலி ஸ்டேஷனில் சிவபாதசுந்தரம் காக்கிக் காற்சட்டையும் நீளக் காலுறையுமாக நின்றார். கையில் ஒரு தடி.

"என்ன அண்ணை, காடு அளக்கிற மாதிரி வந்திருக்கிறியள்?" என்றாள் கௌரி. "மாப்பிள்ளை எண்டு ஆரும் நம்புவினமோ?"

"காட்டுக்குத்தானே போறம்," என்றார் அவர். காது மடல் சிவந்தது. பத்மாவதியைப் பார்த்து, "பயணம் சுகமோ?" என்றார்.

நேரே பார்த்துக் கேட்டதால் அது முழுதாகக் கேட்டது. "சுகம்," என்றாள்.

மலையடிவாரம் வரை பஸ். இறங்கி நூறு யார் தூரம் நடப்பதற்குள் நாகேந்திரம் நொண்டத் தொடங்கினான். மலை ஏறுவதற்கு அவன் கந்தோருக்குப் போடும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், அதுவும் போன கிழமை அடித்தோல் மாற்றியது. குதிக்காலில் கொப்புளம் ரூபாக் குற்றியளவு.

"நான் இந்தத் தேத்தண்ணிக் கடையில இருக்கிறன்," என்றான். கடைக்காரர் "என்ட மஹத்தயா" என்று சிங்களத்தில் வரவேற்று, உட்கார வாங்கை இழுத்துப் போட்டார். நாகேந்திரம் பிறிஜெற்றைப் பார்த்தான். "பிள்ளை, நீர் இவளின்ர இந்தப் பக்கமா நடவும்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் கௌரி.

"எந்தப் பக்கமோ. விழாமப் போங்கோ."

பாதை ஒற்றையடி. முதலில் சிவபாதசுந்தரம், பிறகு பெண்கள். மரங்களுக்குள் குளிர் இருந்தது. நூறு அடி வைத்ததும் அவர் இடது கையிலிருந்த சிறு கற்களில் ஒன்றை வலது கைக்கு மாற்றுவதைப் பத்மாவதி கண்டாள்.

"அது என்னத்துக்கு?"

அவர் நின்று திரும்பினார். "கவடு எண்ணுறன். அளவைச் சங்கிலி கொண்டுவராத நேரம் இப்படித்தான் தூரம் பிடிக்கிறது. நூறு கவட்டுக்கு ஒரு கல். பழக்கமாப் போச்சு. கடைக்குப் போனாலும் எண்ணுவன்."

"பிழை எவ்வளவு வரும்?"

"சமதரையில நூறுக்கு ரெண்டு. மலையில..." அவர் யோசித்தார். "மலையில நான் இதுவரைக்கும் ஆருக்கும் சொன்னதில்லை."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அடுத்த ஐந்நூறு கவடும் இலேசாகப் போயின. ஒரு கொடியை அவள் பேர் சொல்லிக் காட்டினாள். அதை இங்கே கிராமத்தார் எதற்குப் பாவிக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அனுமார் கொண்டுபோன சஞ்சீவி மலையில் ஒரு துண்டு தவறி இங்கே விழுந்ததாம். இந்த மலையில் மருந்துச் செடி அதிகமாக இருப்பதற்கு அதுதான் காரணமாம்.

"அப்ப கொப்புளத்துக்கு ஒரு இலை பிடுங்குங்க, நாகேந்திரம் அண்ணனுக்கு," என்றாள் பிறிஜெற்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாதை அகன்றது. குரங்குக் கூட்டமொன்று கிளைகளில் பாய்ந்தது. ஒரு தாய்க் குரங்கு கூடையையே பார்த்தது. கௌரி அலறிக்கொண்டு ஓட, கூடையைக் காப்பாற்றப் பிறிஜெற் அவளுக்குப் பின்னால் ஓடினாள்.

பத்மாவதியின் இடப்பக்கம் வெறுமையானது. சிவபாதசுந்தரம் அந்தப் பக்கம் வந்து நடந்தார்.

உச்சியில் மரமில்லை. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கீழே காலித் துறைமுகம், அதற்கப்பால் பழைய கோட்டையின் மதில், வெளிச்சவீடு. ஒரு கப்பல் நகராமல் நின்றது. இவ்வளவு கடலை அவள் ஒரே பார்வையில் கண்டதில்லை. சொல்லிவிடலாம் என்று அந்த நேரம் நினைத்தாள். இந்தக் காற்றில், இந்த வெளிச்சத்தில், எதையும் சொல்லலாம் போலிருந்தது. எப்படித் தொடங்குவது என்று வாக்கியம் தேடினாள்.

தேடிக்கொண்டிருந்தபோது கடைக்கண்ணில் அவருடைய உதடு அசைந்து நின்றது. அவர் ஏதோ கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருந்தார்.

காலையிலிருந்து இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டாயிற்று. மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது. வாக்கியம் கிடைத்ததும் எல்லாம் தெரியப்போகிறதே, இந்த ஒரு தடவை மட்டும் போகட்டும்.

"ஓம்," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கற்கள் எல்லாவற்றையும் பாறையில் போட்டார்.

"சரி," என்றார், நேரே நின்று. "கீழ போவம்."

இறங்கும்போது அவர் கவடு எண்ணவில்லை.

*

உணவட்டுனக் கடற்கரையில் உலக யுத்த காலத்து முட்கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தாண்டினால் மணல் மாவு மாதிரி. தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு. பிறிஜெற் கவுனைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கி, "ஐயோ ஆண்டவரே, சூடா இருக்கு!" என்று கத்தினாள்.

பத்மாவதியும் இறங்கினாள். சேலைக் கரை நனைந்து காலோடு ஒட்டியது. அலை பின்வாங்கும்போது பாதத்துக்குக் கீழே மணல் ஓடியது, கூசியது. பிறிஜெற் தண்ணீரை அள்ளி எறிந்தாள். பத்மாவதியும் எறிந்தாள். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து கடல் இருநூறு யார் தூரம். இருபத்துமூன்று வயதில் இன்றைக்குத்தான் அவள் கடலில் முழங்காலுக்கு மேலே நனைந்தாள்.

சிவபாதசுந்தரம் எல்லோருக்கும் தெம்பிலி வெட்டுவித்தார். பத்மாவதியிடம் நீட்டியபோது இளநீரைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. சாப்பிடும்போதும் தூர இருந்து சாப்பிட்டார். பிறகு கௌரியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். டிக்கெற் விஷயம் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

திரும்பவும் அலையில் நின்ற பத்மாவதியிடம் கௌரி தண்ணீருக்குள் நடந்து வந்தாள். முகம் வேறு முகமாக இருந்தது.

"நீ எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"என்னத்தை?"

"நடிக்காதை, பத்மா. நான் உன்னோட ஒரே மேசையில இருந்து சாப்பிடுறனான். பிடிக்காட்டி பிடிக்கேல்லை எண்டு எனக்குச் சொல்லக்கூடாதோ? மலை உச்சியில வைச்சு அண்ணையின்ர முகத்துக்கு நேர சொல்லவேணுமோ?"

"கௌரி, எனக்கு விளங்கேல்லை."

"ஏறேக்கை ரெண்டு தரம் உன்னோட கதைச்சவராம். நீ கேட்டும் கேளாத மாதிரிப் போனியாம். அதால உச்சியில கேட்டிருக்கிறார், 'உமக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமில்லையோ' எண்டு." கௌரியின் குரல் உடைந்தது. "நீ 'ஓம்' எண்டு சொல்லிச் சிரிச்சியாம்."

அலை வந்து அடித்தது. பத்மாவதி அசையாமல் நின்றாள். பத்துக்கு ஏழு என்று வைத்திருந்த கணக்கில் இப்படி ஒரு கேள்வி இருக்கவில்லை. விருப்பமில்லையோ. ஓம்.

"பெண்ணுக்கு விருப்பமில்லாத கலியாணம் எனக்கு வேண்டாம், பதிவுகாரரை நிப்பாட்டு எண்டு சொல்லிப்போட்டுப் போறார்," என்றாள் கௌரி. "கோவமா எண்டாலும் சொன்னாரோ? இல்லை. உன்ர அண்ணைக்கு நோகாமச் சொல்லு எண்டு எனக்குப் படிப்பிச்சுப்போட்டுப் போறார்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொன்னியே!"

"சொன்னன்தான். ஆனால்..."

மணலில் நொண்டி நொண்டி நாகேந்திரம் வந்துகொண்டிருந்தான். மாட்டு வண்டி பிடித்து வந்திருந்தான், கையில் சப்பாத்து. "என்ன, என்ன முகமெல்லாம் ஒரு மாதிரி?"

கௌரி சொன்னாள். நாகேந்திரம் ஒரு வினாடி கண்ணை மூடினான். ஒரே ஒரு வினாடிதான். பிறகு பெரிதாகச் சிரித்தான்.

"விசர்ப் பிள்ளையள்! காத்து! மலை உச்சியில பேய்க் காத்து அடிக்கேக்கை ஆருக்கு என்ன கேக்கும்? அவர் ஒண்டு கேட்டிருப்பார், இவளுக்கு வேறொண்டு விளங்கியிருக்கும். காத்துக்காக ஒரு கலியாணத்தை நிப்பாட்டுறதோ?"

கௌரி வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்தாள். பிறகு பத்மாவதியைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் தண்ணீரில் விழப் பார்த்தார்கள். "காத்தோ! ஐயோ, என்ர மச்சாள்! நான் உன்னை என்னவெல்லாம் நினைச்சன்!"

பிறிஜெற் தூரத்தில் நின்றாள். பத்மாவதியை மட்டும் பார்த்தாள்.

*

ஸ்டேஷனுக்குள் காற்றே இல்லை. மேடையில் புழுக்கம். வண்டிக்குப் பதினொரு நிமிடம் என்று மணிக்கூடு காட்டியது.

சிவபாதசுந்தரம் டிக்கெற்றுகளோடு நின்றார். அவர்களைக் கண்டதும் கடமைக்குச் சிரித்தார். நாகேந்திரம் ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் துணிக்கட்டுமாக அவரிடம் முதலில் போய்ச் சேர்ந்தான். பத்மாவதிக்கு அவர்கள் பேசியது கேட்கவில்லை. அண்ணனின் கை காற்று வீசுவதுபோல் மேலும் கீழும் ஆடியது. அவருடைய தோள் மெல்ல இறங்கியது. அவர் திரும்பி அவளைப் பார்த்தபோது, உச்சிக்கு ஏறும்போதிருந்த முகம் திரும்பவும் வந்திருந்தது.

அவர் அவளிடம் வந்தார். நாகேந்திரமும் பின்னாலேயே வந்து அவளுக்கு வலப்பக்கம் நின்றான்.

"நான் ஒரு முட்டாள்," என்றார் சிவபாதசுந்தரம். "மலையில காத்து எப்பிடி எண்டு எனக்குத் தெரியாதே? வருசக்கணக்கா மலையில நிண்டு கத்துறனான். என்ர ஆட்களுக்கு நான் கொடிதான் காட்டுறது." அவர் நிறுத்தினார். "உம்மைக் கஷ்டப்படுத்திப்போட்டன். காத்துத்தானே?"

எவ்வளவு இலகு. ஒரு சொல். புதன்கிழமை பத்தரைக்குக் கையெழுத்து. வைகாசியில் தாலி. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு காற்று வேண்டும். மழைச் சத்தம் வேண்டும், வண்டிச் சத்தம் வேண்டும், சட்டி பானை உருள வேண்டும். இவர் இரவில் எந்தப் பக்கம் படுத்துக் கதைக்கிறார் என்று பார்க்க வேண்டும். இவருடைய ஒவ்வொரு கேள்வியும் பத்துக்கு ஏழு.

"ஓம் எண்டு சொல்லு," என்று நாகேந்திரம் வலது காதுக்குள் முணுமுணுத்தான். "பிள்ளை, ஓம் எண்டு சொல்லு."

பாவம் அண்ணன். இரண்டு வருஷமாக அவன் அவளுக்கு இடப்பக்கம் நடந்தே களைத்துப் போனான். அவள் அவனுடைய கையைப் பிடித்து ஒருதரம் அமத்தினாள். விட்டாள்.

தூரத்தில் வண்டி ஊதியது.

"இல்லை," என்றாள் பத்மாவதி.

அன்றைக்கு அவள் அவருக்குச் சொன்ன முதல் 'இல்லை' அது. சிவபாதசுந்தரம் குழம்பிப்போய் நின்றார். கௌரியின் கையிலிருந்து கூடை சரிந்தது. பத்மாவதி அவருக்கு நேரே திரும்பி நின்றாள். குரல் வகுப்பில் வரும் குரலாக வந்தது.

"எனக்கு உங்களைக் கலியாணம் செய்ய விருப்பம். நீங்கள் கேட்டதுக்கு அதுதான் மறுமொழி. ஆனால் நீங்கள் கேட்டது எனக்குக் கேக்கேல்லை. அதுக்குக் காரணம் காத்தில்லை. காது. என்ர இடது காது கேக்காது. ரெண்டு வருசமாக் கேக்காது. இனியும் கேக்காது."